நின்றுபோன வெள்ளிக்கிழமைகள்

என் அருமைச் சம்பூர்ணம்,

வெள்ளிக்கிழமையை மறுபடியும் தொடங்கப்போகிறார்கள். முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நர்சு பெண்கள் சிறைக்குப் போய், பேசி, ரத்தம் எடுத்து, ஊசி போட்டுவிட்டு வரலாம் என்று எட்டு வருஷத்துக்குப் பிறகு உத்தரவு வந்திருக்கிறது. போகப்போவது நான் இல்லை. போன வருஷம் வேலையில் சேர்ந்த சின்னப் பெண் ஒருத்தி.

அவள் நேற்று என்னிடம் கேட்டாள்: "முன்னாடி நீங்கதான் போயிட்டிருந்தீங்களாமே சிஸ்டர். அப்புறம் ஏன் நிறுத்திட்டாங்க?" ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தையே பார்த்தபடி நின்றேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் உனக்கு எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும்.

உன் சொந்தப் பெயரை எழுதவில்லை. எந்தச் சிறை என்றும் எழுதவில்லை. "உங்க பேரு இந்தச் சுவத்தைத் தாண்டாது" என்று முதல் நாள் சிறையில் உங்கள் எல்லோரிடமும் சொன்னேனே, அந்த வார்த்தை இன்னும் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. சம்பூர்ணம் என்ற இந்த மாற்றுப் பெயரை உன் தங்கைதான் சொன்னாள். அவளுக்கும் உன்னைத் தள்ளிவைத்த அந்த ஆளுக்கும்கூட வேறு பெயர்தான் வைத்திருக்கிறேன்.

நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றிய வருஷம் அது. எங்கள் லேடி டாக்டர் மேலே எழுதிக் கேட்டு வாங்கிய அனுமதி. பெண்கள் அறையில் நீங்கள் பதினோரு பேர் இருந்தீர்கள். பாதிப் பேர் சாராயக் கேஸ், சிலர் பிராத்தல் கேஸ், ஒருத்தி ஜரிகை திருடியதாக வந்தவள். நான் பெட்டியைத் திறந்து சிரிஞ்சை எடுத்ததும் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கிவிட்டீர்கள். ஊரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்துகொண்டிருந்த காலம். கர்ப்பப்பையை அறுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தீர்கள்.

நீதான் எழுந்து வந்தாய். ஒல்லியாக, உயரமாக, கை இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டு. "இன்னாத்துக்கு ரத்தம்? குடும்பக் கட்டுப்பாட்டுக்கா?"

"இல்லம்மா. மேகநோய் இருக்குதான்னு பாக்கறதுக்கு."

"பொம்பள சீக்கா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"ஆம்பளைங்க கொண்டாந்து குடுப்பானுங்க, பேரு மட்டும் நம்ம பேரா?" என்று சொல்லிவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து முழங்கைக்கு மேலே ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டாய். "குத்து நர்சக்கா. எங்கிட்ட அறுத்துக்கினு போறதுக்கு ஒண்ணும் கெடையாது."

நீ உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். இதை நான் எங்கள் டாக்டரிடமும் சொன்னேன். அந்த வேலை உன்னால்தான் நடந்தது.

சோதனைக்கு ரத்தம் மெட்ராஸ் போய், பதில் வர இரண்டு வாரம் ஆயிற்று. நான்கு பேருக்கு நோய் இருந்தது. நீ அதில் ஒருத்தி. ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். வார்டர் ராஜம்மா காது கேட்காத தூரத்தில் போய் நின்றுகொண்டாள். நல்லவள் அவள்.

"எத்தினி நாளா இருக்குது?" என்று கேட்டாய்.

"சரியாச் சொல்ல முடியாது. பல வருஷம் ஆயிருக்கலாம்."

கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாய். பிறகு, "அப்ப என் புள்ளைங்க?" என்றாய்.

உனக்கு மூன்று பிரசவம். முதல் இரண்டும் செத்துப் பிறந்தவை. மூன்றாவது ஒன்பது நாள் இருந்தது. பிள்ளையை முழுங்குகிறவள் என்று உன் மாமியார் பேர் வைத்திருந்தாள். அந்தப் பேரைச் சொல்லித்தான் உன் புருஷன் தனகோட்டி உன்னைத் தள்ளிவைத்தான். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளிக்காக மாதம் இரண்டு தடவை பெங்களூர் போய்ப் பட்டுநூல் வாங்கி வருகிறவன் அவன். வாரிசு வேண்டும் என்று உன் சொந்தத் தங்கை பச்சையம்மாவையே கட்டிக்கொண்டான். போக்கிடம் இல்லாமல் தாமல் ஏரிக்கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு சாராயம் விற்றாய். மாட்டிக்கொண்டாய். இதெல்லாம் நீ எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னதுதான்.

அதனால்தான் என்று நான் தலையை ஆட்டினேன். நீ சிரித்தாய், சம்பூர்ணம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அவன்தான் குடுத்தான், அவனே தள்ளிவெச்சான்," என்றாய். கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வது மாதிரி, "பச்சைக்கு இப்ப நாலு மாசம்," என்றாய்.

நாலு மாதம் என்றால் இன்னும் காலம் இருக்கிறது. இப்போதே ஊசி போட்டால் தாயும் பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும். "நான் போய் அவகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வாணாம்."

"சம்பூர்ணம்..."

"வாணாங்கறேன் இல்ல? பொறக்கட்டும். என்ன மாதிரி அவளும் துணில சுத்தித் தூக்கிக்கினு போயி பொதைக்கட்டும். அப்ப தெரியும்."

நான் வாக்குக் கொடுத்திருந்தவள். நீ சம்மதிக்காமல் நான் போய்ச் சொன்னால், அடுத்த வாரமே அந்தப் பதினோரு பேருக்கும் தெரிந்துபோகும். அதற்குப் பிறகு எவள் கையை நீட்டுவாள்? அதனால் காத்திருந்தேன். ஐந்து வெள்ளிக்கிழமை. உனக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசியும் போட்டு முடித்தேன். ஊசி போடும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பேன். நீ சுவரைப் பார்ப்பாய். வெளியே ஒருத்தியின் வயிற்றில் நாள் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் காலண்டர் தாளைக் கிழிக்கக் கை வராது எனக்கு. அப்போதே வாக்கை மீறிப் போயிருக்க வேண்டுமோ? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஆறாவது வாரம் ஒரு சின்னப் பெண்ணைக் கைக்குழந்தையோடு கொண்டுவந்து அடைத்தார்கள். குழந்தைக்கு ஒரு மாதம் இருக்கும். நான் போனபோது அது உன் மடியில் கிடந்தது. மூக்கு அடைத்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டு, முலையைப் பிடிக்கத் தெரியாமல் தலையை அப்படியும் இப்படியும் திருப்பியது. முகம் கிழவன் முகமாகச் சுருங்கியிருந்தது. நீ அதன் உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினாய். தோல் உரிந்து உரிந்து செக்கச்செவேல் என்று இருந்தது.

"என் மூணாவதும் இப்படித்தான் இருந்திச்சு," என்றாய். "சூடுன்னு சொன்னாங்க. வெளக்கெண்ணெ தடவச் சொன்னாங்க."

அன்று அனுமதி வாங்கிக் குழந்தையையும் தாயையும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஊசி போட்டோம். மறுநாள் மத்தியானம் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் உள்ளே வரும்போதே நீ கம்பிக்கருகில் நின்றுகொண்டிருந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயே சொன்னாய்: "போ நர்சக்கா. பச்சைகிட்ட சொல்லு. எம்பேரச் சொல்லியே சொல்லு."

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாய். சில நாளாக அடிவயிற்றில் வலி வந்து வந்து போகிறது என்று. அது மேகநோய் இல்லை, உள்ளே வேறு புண் இருக்கலாம், லேடி டாக்டரையே ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிவந்து பார்க்கச் சொல்கிறேன் என்றேன். அப்படித்தான் சொன்னேன், சம்பூர்ணம். ஒரு வெள்ளிக்கிழமை என்று.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். பச்சையம்மா வாசலில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு. உன் நெற்றி, உன் கண். கிட்டே உட்கார்ந்து மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. ராட்டையை விட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்கக்கா ஜெயில்ல குந்திக்கினு எனக்கு சாபம் சொல்லி அனுப்பிச்சாளா? அவ வயித்துல தங்கல, எனக்கும் தங்கக்கூடாதா?"

"சாபம் இல்லம்மா. ஒரே ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் குடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

அப்போது தனகோட்டி உள்ளேயிருந்து வந்தான். நீ சொன்னதை வைத்து முரடனாக இருப்பான் என்று எதிர்பார்த்திருந்தேன். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நாங்கள் பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"ஒக்காருங்க சிஸ்டர். காபி சாப்பிடுங்க," என்றான்.

"நீங்களும் வந்து ஒரு தடவை ரத்தம் குடுத்தா நல்லதுங்க," என்றேன்.

சிரித்தான். "ஜெயிலுக்குப் போற நர்சு நீங்கதானே? வெள்ளிக்கிழமையில போறீங்க இல்ல? உங்க பேரு?"

சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு பீடிக் கட்டின் காகிதத்தில் எழுதிக்கொண்டான். எழுத்துச் சரியா என்று என்னிடமே காட்டினான்.

அதற்கு அடுத்த வாரம் நான் உன்னைப் பார்க்க வந்தேன். தங்கை நம்பவில்லை என்று சொன்னேன். "நான் வெளிய வந்து பாத்துக்கறேன்," என்றாய். அதுதான் நான் உள்ளே வந்த கடைசி வெள்ளிக்கிழமை. அதற்கும் அடுத்த வாரம் கேட்டில் என்னை நிறுத்திவிட்டார்கள். சிறைக்கு வரும் நர்சு குடும்பங்களின் வீடு தேடிப் போய் அவதூறு பேசுகிறாள் என்று மேலே புகார் போயிருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் பெரிய மனிதர்கள். ஒரு மேலதிகாரி ஒரே வரியில் நிறுத்திவிட்டார். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. எங்கள் டாக்டர் எனக்காகப் போராடினார். வேலை மிஞ்சியது. வெள்ளிக்கிழமை போய்விட்டது.

என்னைக் கேட்டில் நிறுத்துவதற்கு முன்பே உன் தண்டனை முடிந்துவிட்டது; வெளியே வந்த அன்றைக்கே நீ உன் தங்கை வீட்டுக்குப் போனாய். அவன் பெங்களூர் போயிருந்த நாளாகப் பார்த்துப் போயிருக்கிறாய். பச்சையம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். நீ வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுநாள் மத்தியானம் வரைக்கும். தெருவே வேடிக்கை பார்த்ததாம். கடைசியில் அவள் கதவைத் திறந்தபோது நீ சொன்னதை அவள் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"நான் உன்ன சபிச்சேன்டி. மொதல்ல சபிச்சது நெசந்தான். இப்ப என் மூணு புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், உன் புள்ள பொழைக்கணும். வா."

நீ நல்லவள் மாதிரி நடித்திருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள். சபித்தேன் என்று ஒத்துக்கொண்டாயே, அதனால்தான் நம்பினாள்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. அவள் ரத்தத்திலும் நோய் இருந்தது. மூன்று வாரம், மூன்று ஊசி. மூன்று தடவையும் நீதான் கூட்டிவந்தாய். உன் வயிற்று வலியைப் பற்றிக் கேட்டேன். "இப்ப இல்ல நர்சக்கா, மொதல்ல இவளப் பாரு," என்றாய். நானும் அவளைப் பார்த்தேன்.

மூன்றாவது ஊசி முடிந்த நான்காவது நாள் தாமலில் உன் குடிசையிலிருந்து ஒரு கேன் சாராயம் எடுத்தார்கள். சாராயம் விற்பதை விட்டு எத்தனையோ நாளாயிற்று, இது என்னுடையது இல்லை என்று நீ கத்தினாயாம். யார் கேட்பார்கள்? ஏற்கெனவே உள்ளே போய் வந்தவள் என்று மறுபடி அதே சிறையில் அடைத்துவிட்டார்கள். கேனை அங்கே வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். அந்த வாரம் தனகோட்டி ஊரில் இருந்தான் என்பது மட்டும் தெரியும்.

இனிமேல் எழுதப்போவதை நான் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ராஜம்மா என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றபடியே சொன்னது.

உனக்கு வலி திரும்ப வந்திருக்கிறது. காய்ச்சல் வந்திருக்கிறது. சிறை டாக்டர் வாசல்படியில் நின்று, "என்ன பண்ணுது?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் ஆண் வார்டர்கள் இரண்டு பேர். நீ "வயித்து வலி" என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். வேறு எப்படிச் சொல்வாய்? அவர் வயிற்று வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"எங்கிட்ட மட்டும் சொன்னாம்மா," என்றாள் ராஜம்மா. "கீழ இருந்து சீழ் மாதிரி போவுதுன்னு. டாக்டராண்ட சொல்லுடின்னேன். 'ஆம்பளையாண்ட எப்பிடி சொல்றது? வெள்ளிக்கெழம நர்சக்கா வரும் இல்ல, அதாண்ட சொல்லிக்கறேன்'னா. நீ வரமாட்டேன்னு நான் எப்பிடிம்மா சொல்லுவேன்? இந்த வாரம் இல்லைன்னா அடுத்த வாரம் வந்துருவாங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன். ரெண்டு வெள்ளிக்கெழம பாத்தா."

என் வெள்ளிக்கிழமைகளை நிறுத்திவிட்டார்கள் என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை, சம்பூர்ணம். வெளியே இருந்தபோது உனக்கு இருந்தது ஒரே கவலை, அது உன் தங்கை. அதோடு இதையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் நீ அந்த டாக்டரிடம் வாயைத் திறந்திருப்பாயோ? இந்தக் கேள்வியோடுதான் எட்டு வருஷமாக எழுந்திருக்கிறேன், படுக்கிறேன்.

பச்சையம்மாவுக்குப் பிரசவம் ஆனதை ராஜம்மாதான் உன்னிடம் வந்து சொன்னாளாம். அப்போதே உனக்கு நிற்க முடியவில்லை. "பொண்ணா? அழுவுதா? நல்லா சத்தமா அழுவுதா?" என்று கேட்டாயாம். தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுகிறது என்று அவள் சொன்னாளாம். "கை எப்பிடி இருக்குது?" என்று கேட்டாயாம். அது ராஜம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கை நன்றாக இருந்தது, சம்பூர்ணம். பூ மாதிரி இருந்தது. நானே விரித்துப் பார்த்தேன்.

நான்கு நாள் கழித்து, சீழ் உள்ளேயே உடைந்து, ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் வண்டியிலேயே போய்விட்டாய்.

இப்போதைய சேதி இது. அந்தப் பெண்ணுக்கு எட்டு வயதாகிறது. வாயாடி. பள்ளிக்கூடத்தில் பையன்களை அடித்துவிட்டு வருகிறாள். நீ போன மூன்றாவது மாதமே பச்சையம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டை விட்டு வந்துவிட்டாள். தனியாக இருக்கிறாள். நூல் சுற்றிப் பிழைக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். ராஜம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள்.

தனகோட்டி ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு தடவை ஆள் அனுப்பினேன். ஒரு தடவை நானே வழியில் நிறுத்திக் கேட்டேன். "எனக்கு என்ன சீக்கு? அது பொம்பள சீக்கு இல்ல?" என்றான். இப்போது சொந்தமாகப் பட்டு வியாபாரம் செய்கிறான். கோயில் திருவிழாவில் அவனுக்கு மாலை போடுகிறார்கள்.

இன்று சாயங்காலம் பச்சையம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. அவனுக்கு ஏனாத்தூரில் பெண் பார்த்து முடித்துவிட்டார்களாம். அம்மா இல்லாத பெண். பத்தொன்பது வயது. வருகிற வாரம் முகூர்த்தம்.

அவளை மருந்து அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. புது நர்சின் முதல் வெள்ளிக்கிழமை இந்த வாரம்தான். இப்போது நான் போய் வாயைத் திறந்தால் மறுபடி ஒரு புகார் போகும், மறுபடி அந்தக் கேட்டைச் சாத்தலாம். உள்ளே எவளோ ஒருத்தி வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருப்பாள். போகாவிட்டால் அந்த ஏனாத்தூர்ப் பெண்? நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்தேன். பயமாக இருக்கிறது, சம்பூர்ணம். உன்னிடம் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? அன்றைக்கு அவன் வீட்டு வாசலில் இருந்த பயத்தைவிட இப்போதுதான் அதிகமாக இருக்கிறது.

பச்சையம்மாதான் முதலில் பேசினாள். "நீ பேச வாணாம் நர்சக்கா. உன் வேலைக்கு எதுவும் வரக்கூடாது. என் ஒடம்பு, என் சீக்கு, நான் சொல்றதுக்கு எந்த ஆபீசர் உத்தரவு வேணும்? நான் சொல்றேன். எங்கக்கா கதையையும் சேத்தே சொல்றேன். அந்தப் பொண்ணு நம்பலைன்னா அவங்க வூட்டு வாசல்ல குந்திக்கறேன். நீ எங்கூட வந்து நின்னா போதும்."

கூடப் போகிறேன், சம்பூர்ணம். நாளைக் காலை முதல் பஸ். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இது நெசமா?" என்று கேட்டால் நான் தரையைப் பார்க்க மாட்டேன். நிஜம் என்று சொல்வேன். அதற்கு என்ன வந்தாலும் வரட்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உன் தங்கை உள்ளே உட்கார்ந்திருக்கும் வரை, வெளியே எவன் வந்து நின்றாலும் நான் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன் நர்சக்கா,
எஸ்தர்